அணைக்குள் வரும் நுண்வண்டல் எங்கே, எப்படிப் படிகிறது?

அணை தூர்ந்துபோகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூடவே ஒரு காட்சியும் மனதில் வந்துவிடும். வெள்ளத்தோடு மண் வருகிறது. நேராகப் போய் அணைச்சுவரில் முட்டுகிறது. அங்கேயே அடியில் குவிகிறது. அடிமதகைத் திறந்துவிட்டால் வெளியே போய்விடும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் மண் வருகிறது என்பதைத் தவிர மற்றதெல்லாம் அரைகுறை உண்மைதான்.

குழப்பம் 'மண்' என்ற ஒற்றைச் சொல்லிலேயே தொடங்குகிறது. ஆறு கொண்டுவருவது ஒரே பொருள் அல்ல. 2 மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் வரையுள்ள துகள் மணல். தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட அந்தக் கீழ் எல்லைதான். அதற்குக் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல். அதையும்விடச் சிறியது களி. இந்தக் கட்டுரையில் நுண்வண்டல் என்று சொல்லும்போது கடைசி இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். மணலின் கதை எளிது, சீக்கிரம் முடிந்துவிடும். நுண்வண்டலின் கதை அப்படி இல்லை.

## ஒரு தம்ளரில் தொடங்கலாம்

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் தோட்டத்து மண்ணைப் போட்டு நன்றாகக் கலக்கி வையுங்கள். கரண்டியை எடுப்பதற்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். சில நிமிடங்களில் அதன்மேல் இன்னொரு மெல்லிய அடுக்கு சேரும். மேலே நிற்கும் நீர் மட்டும் கலங்கலாகவே இருக்கும். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் வந்து பார்த்தாலும் அந்த மங்கல் முழுதாகப் போயிருக்காது.

ஏன்? 'களி லேசானது, அதனால் மிதக்கிறது' என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது தவறு. மணல் துகளானாலும் களித் துகளானாலும் கனிமம்தான். ஒரே கன அளவு நீரோடு ஒப்பிட்டால் இரண்டுமே ஏறத்தாழ 2.6 மடங்கு கனம். மிதக்கும் தகுதி இரண்டுக்கும் கிடையாது. வித்தியாசம் பொருளில் இல்லை, அளவில் இருக்கிறது.

ஒரு கல்லை மேலிருந்து போட்டால் பொத்தென்று விழும். அதே கல்லை இடித்து மாவாக்கி ஊதிவிட்டால், சன்னல் வழியே விழும் வெயில் கீற்றில் தூசியாக வெகுநேரம் அலையும். கல்லின் பொருள் மாறவில்லை. ஆனால் துகளின் குறுக்களவு பத்தில் ஒன்றாகும்போது அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. அதை எதிர்த்துப் பிடிக்கும் தடையோ, அதே வேகத்தில், பத்தில் ஒன்றாகத்தான் குறைகிறது. கீழே இழுப்பது ஆயிரம் மடங்கு இளைத்துவிட்டது, தடுப்பது பத்து மடங்குதான் இளைத்தது. விளைவாக, துகள் நூறு மடங்கு மெதுவாக இறங்குகிறது.

அசையாத நீரில் துகள் கீழே இறங்கும் வேகத்துக்குப் படிவு வேகம் என்று பெயர். அது குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை ஜார்ஜ் கேப்ரியேல் ஸ்டோக்ஸ் 1851இல் கணக்காக எழுதினார். பருமணலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நுண்ணிய துகளுக்கு நன்றாகவே பொருந்தும்.

ஒரு மீட்டர் ஆழம் இறங்க எவ்வளவு நேரம் என்று பார்த்தால் இது உறைக்கும். 20 டிகிரி நீரில், 0.1 மில்லிமீட்டர் நுண்மணலுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு மூன்று மணி நேரம். களியின் மேல் எல்லையான 0.002 மில்லிமீட்டருக்கு மூன்று நாளுக்குச் சற்று மேல். 0.001 மில்லிமீட்டருக்குப் பதின்மூன்று நாள். இதெல்லாம் ஒரே ஒரு மீட்டருக்கு. அணையின் ஆழம் பத்து, முப்பது, நூறு மீட்டர். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும், ஏனென்றால் குளிர்ந்த நீர் கொஞ்சம் 'கெட்டியானது'. உறைநிலைக்கு அருகிலுள்ள நீரின் பிசுக்கு, 20 டிகிரி நீரைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நுண்வண்டல் மிதப்பதில்லை, இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இறங்கும் வேகம் அளவைப் பொறுத்து நொடியிலிருந்து மாதக்கணக்கு வரை விரிகிறது.

## ஆற்றில் ஏன் படிவதில்லை

மின்விசிறி ஓடும் அறையில் தூசி தரையில் தங்காது. காற்று ஒரே சீராக வீசுவதால் அல்ல, சுழன்று புரள்வதால். ஓடும் ஆற்றிலும் அதேதான் நடக்கிறது. நீர் முன்னோக்கிப் போகும்போதே மேலும் கீழுமாகப் புரள்கிறது. அந்தச் சுழல்களின் மேல்நோக்கிய வேகம் வெள்ளக்காலத்தில் நொடிக்குச் சில சென்டிமீட்டர் இருக்கும். 0.01 மில்லிமீட்டர் வண்டல் இறங்கும் வேகமோ நொடிக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆறு ஓடும்வரை அந்தத் துகளுக்குத் தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அணை செய்வது விசிறியை நிறுத்துவதுதான். கூர்ந்து பார்த்தால் முழுதாக நிறுத்துவதும் இல்லை, வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

## ஒரு கற்பனை அணை

100 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம், நொடிக்கு 1 மீட்டர் வேகம் உள்ள ஓர் ஆறு என்று வைத்துக்கொள்வோம். அது 2 கிலோமீட்டர் அகலமும் 30 மீட்டர் ஆழமும் உள்ள நீர்த்தேக்கத்துக்குள் நுழைகிறது. அதே நீர் இப்போது 200 மடங்கு பெரிய வாய் வழியாகப் போக வேண்டும். வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஒரு நாள் முழுக்க நகர்ந்தாலும் அரைக் கிலோமீட்டர் தேறாது.

இனி துகள்களை விட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் இறங்க நுண்மணலுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் அது முன்னோக்கிப் போவது இருபது மீட்டர்கூட இல்லை, வாசற்படியிலேயே விழுந்துவிட்டது என்றே சொல்லலாம். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு நாலு நாள். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் போகும். 0.002 மில்லிமீட்டர் களிக்குத் தொண்ணூறு நாளுக்கு மேல். நாற்பது கிலோமீட்டர் போகும். 0.001 மில்லிமீட்டர் களிக்கு ஓராண்டுக்கும் மேல் வேண்டும். நீர்த்தேக்கம் முப்பது கிலோமீட்டர் நீளம்தான் என்றால், களியில் பெரும்பகுதி படியாமலே அணையைத் தாண்டிப் போயிருக்கும்.

கற்பனைக் கணக்குதான், ஆனால் உண்மையான அணைகளில் காணும் ஒரு ஒழுங்கை இது அப்படியே காட்டுகிறது. பருத்தது நுழைவாயிலில் விழுகிறது, நுண்ணியது உள்ளே போகிறது. நுழைவாயிலில் விழுவது விசிறிபோல் விரிந்து மேடாகிறது. கடல் முகத்துவாரத்தில் காண்பதைப் போன்ற இந்த மேட்டுக்கு டெல்டா என்றே பெயர். அதன் முன்விளிம்பு வருடாவருடம் அணையை நோக்கி நகர்ந்துகொண்டே வரும்.

'அணைச்சுவரில் போய்க் குவிகிறது' என்ற காட்சி இங்கேதான் உடைகிறது. எகிப்தின் அஸ்வான் உயர் அணையைப் பாருங்கள். நைல் கொண்டுவரும் வண்டலில் பெரும்பகுதி சுவர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சுவரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால், ஏரியின் தென்கோடியில், சூடானின் எல்லைக்குள்ளேயே படிந்துவிடுகிறது.

எவ்வளவு வண்டல் அணைக்குள் தங்கும் என்பதைப் பிடிப்புத்திறன் என்பார்கள். வரும் வண்டலில் எத்தனை சதவீதம் வெளியேறாமல் மாட்டிக்கொள்கிறது என்பதே அது. நீர் எவ்வளவு காலம் உள்ளே காத்திருக்கிறது என்பதுதான் இதை முக்கியமாகத் தீர்மானிக்கிறது. ஓராண்டு நீர்வரத்து முழுவதையும் கொள்ளும் பெரிய அணையில் பிடிப்புத்திறன் பொதுவாக 95 சதவீதத்தைத் தாண்டும். சில நாள் வரத்தை மட்டுமே கொள்ளும் சிறிய அணையில் பாதிகூடத் தங்காது.

## கணக்கு பிசகும் முதல் இடம்: களி கூட்டுச் சேர்கிறது

ஆனால் ஒரு இடறல் இருக்கிறது. துகள் துகளாகக் கணக்குப் போட்டால், களி மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். பல நீர்த்தேக்கங்களில் அதைவிட மிக விரைவாக நீர் தெளிந்துவிடுகிறது. ஏனென்றால் களி தனியாக இறங்குவதில்லை.

களித் துகள் உருண்டை அல்ல, தகடு. அந்தத் தகட்டின் பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதால் தூய நீரில் இரண்டு தகடுகள் நெருங்கினாலும் ஒட்டாமல் விலகிவிடும். நீரில் கால்சியம், மெக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்திருந்தால் நிலைமை மாறுகிறது. அவற்றின் நேர்மின் அயனிகள் தகடுகளைச் சூழ்ந்து அந்தத் தள்ளுவிசையின் எட்டும் தூரத்தைச் சுருக்கிவிடும். அதன் பிறகு மோதும் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். நுண்ணுயிர்களும் மட்கிய இலைதழைகளும் தரும் பிசின் போன்ற பொருளும் பசையாகச் சேர்ந்துகொள்ளும்.

இப்படி ஒட்டி உருவாகும் பஞ்சுபோன்ற கொத்துக்குத் திரள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். படிகாரம் போட்டால் கலங்கல் நீர் தெளிவதும் இதே கூட்டுச் சேர்க்கையால்தான். அங்கே நாம் வேண்டுமென்றே அதை முடுக்கிவிடுகிறோம், அணையில் அது தானாக நடக்கிறது.

திரளுக்குள் பெரும்பகுதி நீர்தான், எனவே அதே அளவு மணலைப்போல் வேகமாக அது விழாது. இருந்தாலும் ஒற்றைக் களித் தகடோடு ஒப்பிட்டால் பல பத்து மடங்கு, சிலசமயம் நூற்றுக்கணக்கான மடங்கு வேகம். ஆற்று மண்ணை ஆய்வகத்தில் துகள்களாகப் பிரித்து, அந்த அளவை வைத்து மட்டும் அணையின் கணக்கைப் போட்டால் ஏமாந்துபோவோம். பிரிக்கும்போதே திரளை உடைத்துவிடுகிறோமே!

திரளுக்கு மென்மையான அசைவு வேண்டும், அப்போதுதான் துகள்கள் சந்திக்கும். வேகமாகப் புரண்டால் சேர்ந்தது பிய்ந்துபோகும். வெள்ளமாகப் பாயும் ஆறு கரடுமுரடு. அணையின் உட்பகுதி இதற்கு இதமான இடம்.

சரி, இங்கே ஒரு நிறுத்தம். தனித்துகளின் அளவு ஒரு கதை சொல்கிறது, திரள் அதைத் திருத்துகிறது. ஆனால் இரண்டிலுமே நீர் முழு ஆழத்திலும் ஒரே சீராக நகர்வதாகத்தான் நினைத்துக்கொண்டோம். அதுவும் உண்மையில்லை.

## கணக்கு பிசகும் இரண்டாம் இடம்: ஏரிக்கு அடியில் ஓர் ஆறு

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்ததும் பாதத்தில் சில்லென்று படும். குளிர்ந்த காற்று சற்றே கனம், அதனால் அறைக்காற்றோடு உடனே கலக்காமல் தரையோடு தரையாக வழிந்து ஓடுகிறது. கலங்கலான வெள்ளநீரும் அப்படித்தான். தெளிந்த ஏரிநீரைவிட அது கனமாக இருந்தால், மேலே பரவாமல் கீழே முங்கி, பழைய ஆற்றுப்பள்ளத்தின் வழியே தனி ஓடையாக ஓடும். இதற்கு அடர்நீரோட்டம் என்று பெயர்.

இதற்கு எவ்வளவு சேறு வேண்டும்? மிகக் கொஞ்சம். லிட்டருக்கு 2 கிராம் வண்டல் இருந்தால், அந்த நீர் கூடுதலாகப் பெறும் அடர்த்தியும், 25 டிகிரி நீரை 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் கூடும் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றே. இவ்வளவு சிறிய வித்தியாசமே ஒரு நீரோட்டத்தைத் தனியாகப் பிரித்துவைக்கப் போதும். இதனால்தான் வெப்பமும் இந்த விளையாட்டில் சேர்கிறது. வரும் ஆறு ஏரியைவிட வெதுவெதுப்பாக இருந்தால், கலங்கல் அடிவரை போகாமல், தன் கனத்துக்கு ஒத்த அடுக்கைத் தேடி நடு ஆழத்தில் நுழைந்து பரவுவதும் உண்டு.

கரையில் நின்றே இதன் அடையாளத்தைப் பார்க்கலாம். கலங்கல் நீர் முங்கும் இடத்தில் ஏரியின் குறுக்கே ஒரு கோடு தெரியும். ஒரு பக்கம் காவி, மறுபக்கம் பச்சையோ நீலமோ. அந்தக் கோட்டில் சுள்ளி, இலை, நுரை எல்லாம் ஒதுங்கி நிற்கும். கீழே இறங்கும் நீர் மேல்நீரையும் தன்னோடு இழுப்பதால், ஏரிப்பக்கத்து மேல்நீர் அந்தக் கோட்டை நோக்கித் திரும்பி வருகிறது. மிதப்பவை இரண்டு பக்கமும் தள்ளப்பட்டு அங்கேயே மாட்டிக்கொள்கின்றன.

ஐரோப்பாவின் ஜெனீவா ஏரியில் ரோன் ஆறு இப்படி முங்குவதையும், ஏரியின் தரையில் அது பள்ளம் வகுத்திருப்பதையும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சுவா அல்போன்ஸ் ஃபொரெல் விவரித்தார். அணைகளில் இது பரவலாகக் கவனம் பெற்றது அமெரிக்காவின் ஹூவர் அணையில். 1935இல் மீட் ஏரி நிரம்பத் தொடங்கிய அதே ஆண்டில், மேற்பரப்பு தெளிவாக இருக்கும்போதே அணையின் வெளியேற்றுக் குழாய்களில் சேற்று நீர் வந்தது. பல பத்து கிலோமீட்டர் தூரம் தெளிந்த நீருக்கு அடியிலேயே பயணம் செய்து வந்த கொலராடோ ஆற்றின் கலங்கல் அது.

நம் கற்பனை அணையில் நீர் நொடிக்கு 5 மில்லிமீட்டர் நகர்ந்தது நினைவிருக்கும். அடர்நீரோட்டமோ நொடிக்குப் பத்து, இருபது சென்டிமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. 20 சென்டிமீட்டர் என்றால் ஒரு நாளைக்குப் பதினேழு கிலோமீட்டர். சுற்றிலும் ஏரி அசையாமல் கிடக்க, அடியில் மட்டும் ஒரு ஆறு. அது போகும் வழியில் தன் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, அதனாலேயே கனம் குறைந்து, பாதியில் ஓய்ந்துபோகலாம். ஓயாமல் அணையை எட்டினால் அங்கே வழியடைத்து, தெளிந்த நீருக்குக் கீழே சேற்றுக்குளமாகத் தேங்கும். அந்தக் குளத்தில்தான் களி நிதானமாக, நாள்கணக்கில், கீழே உட்காரும்.

ஆக, சுவரோரம் சேறு இருப்பது பொய் அல்ல. ஆனால் அது மேலிருந்து விழுந்து குவிந்த மண்ணும் அல்ல. பெரும்பாலும் அடிவழியாக ஊர்ந்து வந்த நுண்வண்டல்.

## படிந்துவிட்டால் முடிந்ததா?

புதிதாகப் படிந்த களி தயிரையும்விடத் தளர்ந்திருக்கும். அதன் கன அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் நீர்தான். ஒரு டன் உலர்மணல் அணையில் அடைக்கும் இடம் ஏறக்குறைய முக்கால் கன மீட்டருக்கும் குறைவு. ஒரு டன் உலர்களி, புதுச்சேறாக இருக்கும்போது, இரண்டு கன மீட்டருக்கும் மேல் அடைத்துக்கொள்ளும். வருடங்கள் போகப் போக, மேலே விழுவதன் பாரத்தில் நீர் பிழிந்து வெளியேறி, படிவு இறுகும்.

சேறு எங்கே தொடங்குகிறது என்பதுகூடச் சுலபமான கேள்வி அல்ல. ஒலி அனுப்பி எதிரொலியில் ஆழம் அளக்கும்போது, உயர் அதிர்வெண் ஒலி தளர்ந்த சேற்றின் மேல்பரப்பிலேயே திரும்பிவிடும். தாழ் அதிர்வெண் ஒலி அதை ஊடுருவிக் கீழே இறுகிய அடுக்கில் பட்டுத் திரும்பும். ஒரே இடத்துக்கு இரண்டு 'தரை' கிடைக்கும்.

இறுகிய களிக்கு இன்னொரு குணமும் உண்டு. தனித்துகளாக இருக்கும்போது மெல்லிய சுழலே தூக்கிச் சென்ற அதே களி, ஒன்றோடொன்று பிடித்து இறுகிய பின், மணலைவிட அதிக வேகமான நீருக்குத்தான் அசைந்துகொடுக்கும். சுமந்து செல்ல எளிது, பெயர்த்தெடுக்கக் கடினம். தண்ணீர் வற்றி வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டால் இன்னும் கடினம்.

## 'டெட் ஸ்டோரேஜ் இருக்கிறதே, அடிமதகும் இருக்கிறதே!'

மிகத் தாழ்ந்த மதகுக்கும் கீழே, வெளியே எடுக்கவே முடியாத நீருக்கு டெட் ஸ்டோரேஜ் என்று பெயர். வண்டலுக்கென்றே ஒதுக்கிய அறைபோல் இதைப் பலர் பேசுகிறார்கள். அது நிரம்பும்வரை மேலே உள்ள நீருக்கு ஆபத்தில்லை என்ற நினைப்பு. ஆனால் வண்டல் அறை எண் பார்த்து வருவதில்லை. டெல்டா உருவாவது நீர்த்தேக்கத்தின் மேல்கோடியில், ஆழம் குறைந்த இடத்தில். அங்கே இழக்கும் இடம் முழுக்கப் பயன்பாட்டு நீருக்கான இடம். டெட் ஸ்டோரேஜ் பாதி காலியாகக் கிடக்கும்போதே மேலே கொள்ளளவு குறைந்துகொண்டிருக்கும்.

படிவு நீர்த்தேக்கத்துக்கு வெளியேயும் போகும். சீனாவின் மஞ்சள் ஆற்றில் சான்மென்சியா அணை 1960இல் நீர் தேக்கத் தொடங்கியது. வண்டல் தேக்கத்தின் மேல்முனையைத் தாண்டியும் படிந்து, டோங்குவான் என்ற இடத்தில் ஆற்றுப்படுகை 4 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. இரண்டே ஆண்டில், 1962இல், அணையை இயக்கும் முறையையே மாற்ற வேண்டி வந்தது. பிறகு அடிமட்டத்தில் கூடுதல் வழிகளும் திறக்கப்பட்டன.

அடிமதகு? ஏரி நிறைந்திருக்கும்போது அதைத் திறந்தால், மதகின் வாயருகே புனல்வடிவப் பள்ளம் ஒன்று உண்டாகும். அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளியிருக்கும் சேறு அசையாது, ஏனென்றால் அங்கே நீரின் வேகம் மறுபடி மில்லிமீட்டர் கணக்குதான். பழைய படிவைக் கிளப்ப வேண்டுமென்றால் நீர்மட்டத்தையே இறக்கி, ஏரியைத் திரும்ப ஆறாக்க வேண்டும். அல்லது படியவே விடக்கூடாது. அடர்நீரோட்டம் சுவரை எட்டும் நேரம் பார்த்துத் தாழ்மதகைத் திறந்தால், மேலே தெளிந்த நீர் பெரும்பாலும் அப்படியே நிற்க, அடியிலுள்ள கலங்கல் வெளியேறும்.

அஸ்வானில் உயர் அணைக்கு முன்பே ஒரு பழைய அணை உண்டு, 1902இல் முடிந்தது. அதன் சுவரில் 180 மதகுகள் வைத்திருந்தார்கள். வெள்ளக்காலத்தில் அவற்றைத் திறந்தே வைத்து, செந்நீரை நிற்காமல் போகவிட்டு, வெள்ளம் தணிந்து நீர் தெளிந்த பிறகுதான் தேக்கத் தொடங்குவார்கள். அதே ஆற்றில் 1970இல் முடிந்த உயர் அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 162 கன கிலோமீட்டர்; ஆற்றின் சராசரி ஆண்டு வரத்தோ 84 கன கிலோமீட்டர் அளவில். வெள்ளம் முழுவதையும் பிடித்துவைக்கவே கட்டிய அணை அது. செந்நீருக்கு வழிவிட அதற்குப் பருவமே கிடையாது. அணைக்குக் கீழே இன்று ஓடும் நைல் தெளிந்த நைல்.